பிழைத்த அரசு, விழுந்த அரசு

(சுதந்திர பர்மாவின் தொடக்க ஆண்டுகள் குறித்துக் காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பர்மாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தேக்கு மரத்தையும் வட்டிக்கடையையும் பற்றிப் பேசுவேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஊரில் அது இயற்கை. இங்கே பாதி வீடுகளின் முகப்புத் தூண்கள் ஐராவதி ஆற்றில் மிதந்து வந்து கப்பலேறியவை. ஆனால் நான் பேச வந்த காலம், அந்தத் தூண்களெல்லாம் வந்து இறங்கி, அவற்றின் கீழே இரண்டு தலைமுறைக் கல்யாணங்கள் நடந்து முடிந்த பிறகு தொடங்குகிறது. 1948 ஜனவரி 4 முதல் 1962 மார்ச் 2 வரை. பதினான்கு ஆண்டுகளும் கொஞ்சம் கூடுதலும்.

நம்மவர்கள் நினைவில் பர்மா என்றால் இரண்டு காட்சிகள்தான். ஒன்று 1942. ஜப்பான்காரன் குண்டு போட, லட்சக்கணக்கானோர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தது. வெ. சாமிநாத சர்மா அந்த நடையைத் தனிப் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். 1952இல் வந்த ‘பராசக்தி’ படத்தின் கதை முடிச்சும் அந்த யுத்தத்தில்தான் விழுகிறது. இன்னொன்று 1964க்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அகதிகள், சென்னைக் கடற்கரைச் சாலையில் முளைத்த பர்மா பஜார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருபது வருஷம் கிடக்கிறதே, அதில் என்ன நடந்தது என்று கேட்டால் நாம் மேலும் கீழும் பார்க்கிறோம். நடந்தது சின்ன விஷயம் இல்லை. ஒரு நாடு பிறந்து, பிறந்த கையோடு சாகக் கிடந்து, யாரும் எதிர்பாராமல் எழுந்து உட்கார்ந்து, பிறகு தெம்பாக இருந்த காலத்தில் விழுந்துபோயிற்று.

இப்படி நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பர்மாவின் ஜனநாயகம் ஏன் செத்தது என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: பல இனங்கள், பல கலகங்கள், பலவீனமான நாடாளுமன்றம், ஆகவே இராணுவம் வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. கலகங்கள் உச்சத்தில் இருந்த 1949இல் அந்த நாடாளுமன்றம் விழவில்லை. கலகங்கள் பெருமளவு ஓய்ந்த பிறகுதான் விழுந்தது. பிழைப்பதற்காகச் செய்த காரியங்களும், பிழைத்த பிறகு செய்யாமல் விட்ட காரியங்களும் சேர்ந்து அதைக் கொன்றன. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பர்மாவின் சுதந்திரம் விடிகாலை 4.20 மணிக்குப் பிறந்தது. சோதிடர்கள் குறித்துக்கொடுத்த முகூர்த்தம். நள்ளிரவில் சபை கூட்டிய நாட்டுக்காரர்களாகிய நாம் இதற்குச் சிரிக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய அரசரோடு எந்த ஒட்டுறவும் வேண்டாம் என்று காமன்வெல்த்திலிருந்தும் வெளியே வந்தது பர்மா. ஷான் இன அரசர்களில் ஒருவரான சாவ் ஷ்வே தைக் முதல் குடியரசுத் தலைவர். ஊ நூ பிரதமர். ஆனால் அந்த முகூர்த்தத்தில் அங்கே நின்றிருக்க வேண்டிய ஆள் ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டார்.

1947 ஜூலை 19, சனிக்கிழமை. ரங்கூனில் செங்கல் சிவப்பில் ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும் செயலகக் கட்டடம். காலை பத்தரை மணி தாண்டியிருக்கும். ஆங் சான் தலைமையில் நிருவாகக் குழு கூடியிருந்தது. இராணுவ உடுப்பில் வந்த ஆட்கள் ஜீப்பை விட்டு இறங்கி, மாடியேறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சுட்டார்கள். ஆங் சானும் குழுவின் உறுப்பினர்கள் ஆறு பேரும், ஓர் அதிகாரியும், ஒரு மெய்க்காவலரும் இறந்தார்கள். இறந்தவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் ஆங் சானின் சொந்த அண்ணன் பா வின். ஒருவர் காரேன் இனத்துத் தலைவர். ஒருவர் ஷான் நாட்டுச் சிற்றரசர். இன்னொருவர் அப்துல் ரசாக், இந்தியத் தகப்பனாருக்கும் பர்மியத் தாயாருக்கும் பிறந்த முஸ்லிம், மண்டலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். பதினெட்டு வயது மெய்க்காவலர் அவருடைய ஆள்தான். ஒரு மேசையைச் சுற்றி ஒரு நாடே உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. சுடச் சொன்னவர் ஊ சா, யுத்தத்துக்கு முன் பிரதமராக இருந்த அரசியல்வாதி. 1948 மே மாதம் இன்சீன் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கிகள் ஆங்கிலேய இராணுவக் கிடங்கிலிருந்து, சில வெள்ளை அதிகாரிகளின் கைவழியாக வந்தவை என்பதும் வெளிப்பட்டது.

ஆங் சானுக்கு அப்போது 32 வயது. அவர் இருந்திருந்தால் எல்லாமே சரியாகப் போயிருக்கும் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. இளம் வயதில் இறந்த தலைவர்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பெண் எப்போதுமே தாராளமானது. ஆனால் அவர் செய்துவிட்டுப் போன ஒரு காரியம் உண்டு. 1947 பிப்ரவரி 12 அன்று ஷான் மலையில் பாங்லாங் என்ற சிற்றூரில் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். எங்களோடு சேர்ந்து சுதந்திரம் வாங்குங்கள், உங்கள் உள்விவகாரம் உங்கள் கையில் இருக்கும் என்பது அதன் சாரம். பிறகு எழுதிய அரசியல் சட்டத்தில், ஷான், கரென்னி மாநிலங்கள் பத்து வருஷம் கழித்து விரும்பினால் பிரிந்து போகலாம் என்றுகூட ஒரு பிரிவு வைத்தார்கள். பத்து வருஷம் என்பது ஒரு தவணை. தவணைக் கணக்கு என்ன என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர் மறக்க மாட்டார்.

பாங்லாங்கில் காரேன்கள் கையெழுத்திடவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களாகவே இருந்தார்கள். அவர்கள் வரலாறு வேறு. ஆங்கிலேயர் படையில் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தவர்கள், கணிசமானோர் கிறிஸ்தவர்கள். யுத்தத்தில் ஜப்பானியரோடு சேர்ந்துவந்த பர்மியச் சுதந்திரப் படை 1942இல் ஐராவதிக் கழிமுகத்தில் காரேன் கிராமங்களில் செய்த கொலைகளை அவர்கள் மறக்கவில்லை. அந்தப் படையை உருவாக்கியவர்தான் ஆங் சான். தனி நாடு வேண்டும் என்று லண்டன்வரை போய்க் கேட்டுப் பார்த்தார்கள். காரியம் நடக்கவில்லை. காரேன் மாநிலத்தின் எல்லை எது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அரசியல் சட்டம் தள்ளிவைத்துவிட்டது. புதிதாகப் பிறந்த நாடுகளில் இந்தப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ செய்த அநியாயத்துக்கு அளவே இல்லை.

முதலில் துப்பாக்கி எடுத்தவர்கள் காரேன்கள் அல்ல, கம்யூனிஸ்டுகள். கட்சியில் ஏற்கெனவே இரண்டு பிரிவு. தகின் சோவின் செங்கொடிப் பிரிவு சுதந்திரத்துக்கு முன்பே தலைமறைவாகியிருந்தது. தகின் தான் துன் தலைமையிலான பெரிய பிரிவு, வெண்கொடிப் பிரிவு, 1948 மார்ச் கடைசியில் காட்டுக்குப் போயிற்று. அதற்குச் சில வாரம் முன்புதான் தான் துன் கல்கத்தாவில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். இந்தியக் கட்சியும் ஆயுதப் பாதைக்குத் திரும்பிய நேரம் அது. இந்தத் தான் துன் யார்? ஆங் சானின் சகலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பர்மாவின் உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது இதுதான்: எதிரெதிரே நின்றவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள். ஒரே பல்கலைக்கழக விடுதி, ஒரே மாணவர் சங்கம், ஒரே தேநீர்க் கடை.

ஜூலையில் ஆங் சானின் பழைய தொண்டர் படையில் பெரும்பகுதி கலகத்தில் சேர்ந்தது. ஆகஸ்டில் இராணுவத்தின் இரண்டு பர்மியப் படைப்பிரிவுகளில் கலகம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தெற்கே மெர்குயி பக்கம் பலாவ் என்ற ஊரில், தேவாலயத்தில் கூடியிருந்த காரேன்களை அரசுச் சார்புப் படையினரே கொன்றார்கள். அதன் பிறகு காரேன்களை நிறுத்தி வைக்க யாராலும் முடியவில்லை. 1949 ஜனவரி 31 அன்று ரங்கூனுக்கு ஒன்பது பத்து மைல் தொலைவில் உள்ள இன்சீனில் சண்டை வெடித்தது. காரேன் படைப்பிரிவுகள் அரசுக்கு எதிராகத் திரும்பின. இதில் ஒரு விசித்திரம், அன்றைய பர்மிய இராணுவத்தின் தலைமைத் தளபதி ஸ்மித் டன்னே ஒரு காரேன். அவர் கலகம் செய்யவில்லை. ஆனாலும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் நே வின், ஒரு காலத்தில் தபால் இலாகாவில் எழுத்தராக இருந்தவர், ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் ஒருவர். இந்தப் பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1949 பிப்ரவரியில் ரங்கூன் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பீரங்கிச் சத்தம் ஊருக்குள் கேட்கிறது. சம்பளத்தை வெட்டியதற்காக அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். மார்ச்சில் மண்டலே விழுகிறது. பிரதமரின் ஆணை செல்லுபடியாகும் தூரம் ரங்கூனுக்கு வெளியே சில மைல்தான் என்பதால், வெளிநாட்டுப் பத்திரிகைகள் ‘ரங்கூன் அரசாங்கம்’ என்றே கேலி செய்தன. ஏப்ரலில் அமைச்சரவையில் இருந்த சோஷலிஸ்டுகளும் விலகினார்கள். தளபதி நே வின்னையே துணைப் பிரதமராக்கி, பாதுகாப்பையும் உள்துறையையும் அவர் கையில் கொடுத்தார் நூ.

நூவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பள்ளிக்கூட வாத்தியார், எழுத்தாளர், பக்திமான். அரசியலை விட்டுத் துறவியாகப் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். டேல் கார்னகி எழுதிய, நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்னும் புத்தகத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர். 1948 ஜூலையில், நாடு எரிந்துகொண்டிருந்தபோது, பிரம்மசரிய விரதம் எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் சொல்லி அவரைக் கோமாளியாக்கிய மேல்நாட்டு எழுத்தாளர்கள் உண்டு. ஆனால் 1949இல் அந்த மனிதர் ரங்கூனை விட்டு ஓடவில்லை, நாடாளுமன்றத்தை மூடவில்லை. இவ்வளவு நெருக்கடியிலும் அரசியல் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். இதற்காகவே அவருக்கு ஒரு நாற்காலி போட்டு மரியாதை செய்வேன்.

எப்படிப் பிழைத்தார்கள்? மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. கலகக்காரர்கள் ஒற்றுமையாக இல்லை. செங்கொடிக்கும் வெண்கொடிக்கும் ஆகாது, கம்யூனிஸ்டுகளுக்கும் காரேன்களுக்கும் ஆகாது. இரண்டாவது, நேரு. இந்தியாவிலிருந்து ஆயுதமும் வெடிமருந்தும் சமயத்தில் வந்து சேர்ந்தன. அது வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நூவே பிற்பாடு நன்றியோடு சொன்னார். அடுத்த ஆண்டு காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து 60 லட்சம் பவுன் கடன் கொடுக்க முன்வந்தன, காமன்வெல்த்திலிருந்து விலகிய நாட்டுக்கு. மூன்றாவது காரணத்தைத்தான் பர்மியப் பள்ளிப் புத்தகங்கள் பெரிதாகச் சொல்லாது என்று நினைக்கிறேன். காரேன் படைகள் எதிரே போன பிறகு ரங்கூனைக் காத்து நின்றவர்களில் சின் படைப்பிரிவுகளும், கச்சின் படைப்பிரிவுகளும், பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த கூர்க்காக்களும் முக்கியமானவர்கள். நா செங் என்ற கச்சின் அதிகாரி காரேன்களை நோக்கிச் சுட மாட்டேன் என்று எதிரணிக்குப் போனார், உண்மை. ஆனால் பெரும்பாலோர் போகவில்லை. பாங்லாங்கில் கையெழுத்துப் போட்ட மலைவாசிகள் தங்கள் பங்கை இரத்தத்தால் செலுத்திவிட்டார்கள் என்பது இதன் பொருள். பதிலுக்குக் கொடுக்க வேண்டியது ரங்கூனின் பொறுப்பில் நின்றது.

ஏறத்தாழ நான்கு மாதச் சண்டைக்குப் பிறகு மே மாதத்தில் இன்சீன் மீண்டது. நடுவில் ஏப்ரலில் இந்திய, பிரிட்டிஷ், பாகிஸ்தான் தூதர்கள் முயற்சியால் ஒரு சமாதானப் பேச்சும் நடந்தது. காரேன் தலைவர் சா பா ஊ ஜீ ரங்கூனுக்கே வந்து பேசினார். பேச்சு முறிந்தது. 1950 ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சமாதி எழும்பக் கூடாது என்று உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள். அந்தச் சண்டை இன்றுவரை முடியவில்லை.

சரி, நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள் இத்தனையிலும்? அதற்கு வருகிறேன். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. அடமானம் மூழ்கியது. 1930இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். நிலம் வாங்க வேண்டும் என்று யாரும் போகவில்லை. வட்டியும் முதலும் வராத இடத்தில் நிலம் வந்தது. அதை விற்றுப் பணமாக்கவும் ஆளில்லை. இதை நான் வக்காலத்தாகச் சொல்லவில்லை. விலை சரிந்தது உலகச் சந்தையில், ஆனால் நிலத்தை இழந்த குடியானவன் பார்த்த முகம் மொகல் தெருக் கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த முகம். அவன் கோபத்தை வைத்து அரசியல் செய்யாத பர்மியக் கட்சி எதுவும் இல்லை.

ஆகவே சுதந்திரம் வந்த அதே 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. உழுபவனுக்கு நிலம் என்பது அதன் கொள்கை. கொள்கையில் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாமும் அதையேதான் இங்கே பேசினோம். ஆனால் கலகத்தில் கிராமங்களே அரசின் கையில் இல்லாதபோது அளப்பது யார், பங்கிடுவது யார்? 1953இல் புதுச் சட்டம் போட்ட பிறகே வேலை பரவலாக நடந்தது. இழப்பீடு என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள், கைக்கு வந்தது சொற்பம். நேரு அரசு அதைப் பிடித்து வலியுறுத்தவில்லை என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கடைசிவரை குறைப்பட்டார்கள். கலகத்தில் தவிக்கும் பக்கத்து நாட்டிடம் கடன் வசூலிக்கப் போகக் கூடாது என்பது நேருவின் கணக்கு. எனக்கு நேருவின் கணக்கே சரியென்று படுகிறது. சபையில் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

நகரத்தார் கதையையே பேசிக்கொண்டிருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பர்மாவில் இருந்த தமிழர்களில் பெரும்பாலோர் வட்டிக்கடைக்காரர்கள் அல்லர். அறுப்புக்குப் போனவர்கள், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்கள், சின்னக் கடை வைத்தவர்கள். 1942 ஜனவரி 1க்கோ 1948 ஜனவரி 4க்கோ முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமை கேட்டுப் பெறலாம் என்று அரசியல் சட்டம் வழி விட்டிருந்தது. மனுப் போட வேண்டும், காகிதம் காட்ட வேண்டும். 1942இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தவனிடம் எந்தக் காகிதம் இருக்கும்? ஏராளமானோர் மனுவே போடவில்லை. அந்நியர் பதிவுச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். அதன் விலை 1964இல் தெரிந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1950க்குப் பிறகு பர்மாவுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. கொரியப் போர் வந்து அரிசி விலை உலகமெங்கும் ஏறியது. அரிசி ஏற்றுமதி முழுவதும் அரசு விற்பனை வாரியத்தின் கையில். நெல்லை விவசாயியிடம் 100 கூடைக்கு 285 கியாட் (பர்மிய நாணயம்) என்று நிர்ணய விலைக்கு எடுப்பார்கள். கூடை 46 ராத்தல். வெளியே விலை எவ்வளவு ஏறினாலும் உள்ளே 285தான். அந்த இடைவெளி முழுவதும் அரசின் கஜானாவுக்கு. அந்தப் பணத்தில்தான் 1952இல் பியிதாவ்தா என்ற பெரிய நலத்திட்டத்தை அறிவித்தார் நூ. வீடு, கார், மாதச் சம்பளம் என்று எல்லோருக்கும் வாக்குறுதி. 1953, 54இல் அரிசி விலை இறங்கியதும் திட்டமும் இறங்கியது. விற்காத அரிசியைச் சோவியத் நாடுகளுக்குப் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்த சிமெண்டு தேவைக்கு மேல் குவிந்து, ரங்கூன் துறைமுகத்தில் மழையில் நனைந்து கல்லாகிப் போனது. 1954இல் இந்தியா 9 லட்சம் டன் அரிசி வாங்க ஒப்புக்கொண்டதும் இந்தத் தவிப்பில் கைகொடுத்த காரியம்தான்.

அதே ஆண்டுகளில் கிழக்கே வேறொரு வினை. சீனாவில் தோற்ற சியாங் கை ஷேக் படையில் ஒரு பகுதி, லீ மீ என்ற தளபதியின் கீழ், 1950இல் எல்லை தாண்டி ஷான் மலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க உளவுத்துறை அதற்குத் தீனி போட்டது. 1953இல் பர்மா ஐ.நா. சபையில் முறையிட்டது. அமெரிக்க உதவியே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. பல ஆயிரம் பேரைத் தைவானுக்கு விமானத்தில் ஏற்றினார்கள், மிச்சப்பட்டவர்கள் அபினி வியாபாரத்தில் இறங்கினார்கள். நான் கவனிக்கச் சொல்வது இதன் இன்னொரு பக்கம். அந்நியப் படையை விரட்டவென்று 1952இல் ஷான் மாநிலத்தின் பெரும்பகுதியில் இராணுவ நிருவாகம் வந்தது. பாங்லாங் வாக்குறுதிக்குக் காத்திருந்த ஷான் கிராமத்துக்காரர் சுதந்திர பர்மாவை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தது தாசில்தார் உருவிலோ பள்ளிக்கூட வாத்தியார் உருவிலோ இல்லை, சிப்பாய் உருவில்.

இராணுவம் வளர்ந்தது. வளராமல் எப்படி இருக்கும்? ஆனால் எப்படி வளர்ந்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 1951இல் சிப்பாய்களுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் மலிவாக விற்க ஒரு கடை திறந்தார்கள், பாதுகாப்புச் சேவைக் கழகம் என்று பேர். நிருவகித்தவர் ஆங் ஜீ என்ற அதிகாரி. பத்து வருஷத்துக்குள் அந்தக் கடை ஆவா வங்கியை நடத்தியது, ஐந்து நட்சத்திரக் கப்பல் நிறுவனத்தை நடத்தியது, பெரிய அங்காடி, ஓட்டல், மீன்பிடிப்பு, கட்டட வேலை, நிலக்கரி இறக்குமதி என்று நாட்டிலேயே பெரிய வியாபார நிறுவனமாகிவிட்டது. நாடாளுமன்றம் பணம் ஒதுக்காவிட்டாலும் தன் காலில் நிற்கக்கூடிய இராணுவம் அது. ஆட்சிக்கவிழ்ப்புகளைப் படிப்பவர்கள் டாங்கிகளைப் பார்க்கிறார்கள். கணக்குப் பேரேட்டைப் பார்க்க வேண்டும்.

அரசியல்வாதிகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1954 முதல் 1956 வரை நூ ஆறாவது பௌத்த மகா சங்கத்தை ரங்கூனில் நடத்தினார். பெரிய காரியம்தான். மலைநாட்டு வாக்குறுதிகள் கோப்பில் தூங்கின. 1958இல் ஆளுங்கட்சியே இரண்டாகப் பிளந்தது. கொள்கைச் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து வருஷம் கூடவே இருந்த பா ஸ்வே, சோ நியெயின் ஒரு பக்கம், நூ ஒரு பக்கம். நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்ற நூலை மொழிபெயர்த்தவருக்கு இது நடந்தது. ஜூன் மாதம் நம்பிக்கை வாக்கெடுப்பில் எட்டு ஓட்டில் தப்பினார் நூ, அதுவும் இடதுசாரிகளையும் சிறுபான்மை இன உறுப்பினர்களையும் நம்பி. இராணுவ அதிகாரிகளுக்கு அது பொறுக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் நூவே நே வின்னை ஆட்சி நடத்த அழைப்பதாக அறிவித்தார்; அக்டோபர் 28 அன்று நாடாளுமன்றம் முறைப்படி ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டது. வீட்டுக்குள் தகராறு என்று வாசல் காவலாளியைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்த கதை.

அந்த இடைக்கால ஆட்சி ஏறத்தாழப் பதினேழு மாதம் நடந்தது. நேர்மையாகச் சொன்னால் நன்றாகவே நடந்தது. ரங்கூன் தெருக்களைச் சுத்தம் செய்தார்கள், குடிசைவாசிகளை ஒக்கலாபா, தாக்கெட்டா என்ற புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள், விலைவாசியை அடக்கினார்கள். 1959இல் ஷான் சிற்றரசர்கள் பரம்பரை அதிகாரத்தை எழுதிக்கொடுத்தார்கள். சாதனைகளைப் பட்டியலிட்டுத் தடிமனாக ஒரு புத்தகமும் போட்டார்கள். 1960 பிப்ரவரியில் தேர்தலும் வைத்தார்கள். நூவின் படம் ஒட்டிய மஞ்சள் பெட்டியில் ஓட்டு வந்து குவிந்தது. சுத்தமான தெருவை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், சுத்தம் செய்தவர்களை ஏற்கவில்லை. நே வின் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார். உலகமே பாராட்டியது. ஆனால் அரசியல்வாதிகள் இல்லாமலே நாட்டை நடத்த முடியும் என்று அந்தப் பதினேழு மாதத்தில் அதிகாரிகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கற்றதைத் திருப்பிக் கொடுக்க முடியாதே.

மீண்டும் வந்த நூ செய்த பெரிய தவறு, 1961இல் பௌத்தத்தை அரச மதமாக்கியது. தேர்தல் வாக்குறுதி என்றார். கச்சின், சின் மக்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். 1949இல் ரங்கூனைக் காத்தவர்கள் யார் என்று முன்பே சொன்னேன். அந்த ஆண்டே கச்சின்களும் ஆயுதம் எடுத்தார்கள். ஷான் தலைவர்கள், முன்னாள் குடியரசுத் தலைவர் சாவ் ஷ்வே தைக் முன்னிற்க, அரசியல் சட்டத்தை உண்மையான கூட்டாட்சியாக மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். பிரிவோம் என்று கேட்கவில்லை, மாற்றுங்கள் என்றுதான் கேட்டார்கள். 1962 பிப்ரவரியில் ரங்கூனில் அதற்காக ஒரு கருத்தரங்கம் கூடியது. இங்கே நான் இந்தியாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கும் தெலங்கானா ஆயுதக் கிளர்ச்சி இருந்தது, காந்தி கொலை இருந்தது. மொழிவாரி மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 1952இல் உயிரை விட்ட பிறகு, நேரு மனமில்லாமல்தான் இறங்கி வந்தார். ஆனால் இறங்கி வந்தார். 1956இல் மாநில எல்லைகளையே திருத்தி எழுதினார்கள். நாடு உடையவில்லை.

1962 மார்ச் 1 மாலை, நே வின் ரங்கூனில் ஒரு சீன நடனக் குழுவின் நிகழ்ச்சிக்குப் போனார். முடிந்ததும் ஆடிய பெண்ணுக்குக் கைகொடுத்துப் பாராட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். விடிவதற்குள் பிரதமர், அமைச்சர்கள், ஷான் தலைவர்கள் எல்லோரும் கைதாகியிருந்தார்கள். அன்றிரவு இறந்தது ஒரே ஒருவர், சாவ் ஷ்வே தைக்கின் பதினேழு வயது மகன். தந்தை அந்த நவம்பரில் சிறையிலேயே இறந்தார். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் நாட்டின் சிறையில் செத்தார். நாடு உடையாமல் காக்கவே வந்தோம் என்றார்கள். அன்றைக்கு ஏந்தியிருந்த ஆயுதங்களைவிட அதிகமான ஆயுதங்கள் அடுத்த பத்து வருஷத்தில் மலைகளில் ஏந்தப்பட்டன.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை. மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. பதிவுச் சீட்டோடு காலம் தள்ளிய சுமார் மூன்று லட்சம் இந்தியர் அடுத்த சில ஆண்டுகளில் கிளம்பினார்கள், நகை நட்டுக்கும் கட்டுப்பாடு. வழியில் தங்கியவர்கள் மணிப்பூரின் மோரேயில் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். இந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றிப் பர்மிய அரசியல்வாதிகள் எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள். கலகம் சூழ்ந்த கழிமுகத்து ஊர்களில் கடையைத் திறந்து வைத்திருந்த தமிழர்கள் என்ன பார்த்தார்கள் என்பது அச்சில் மிகக் குறைவு. ஆனால் எழுதியிருக்கிறார்கள், கணக்குப் பேரேடுகளில், ஊருக்கு எழுதிய கடிதங்களில். இங்கே பல வீடுகளின் மேல்மாடி அறைகளில் மூட்டையாகக் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போதும் விற்கும்போதும் அவை எடைக்குப் போகின்றன. 1948 முதல் 1964 வரையிலான பர்மாக் கடிதமோ ஏடோ உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அதுபோன்ற ஒரு நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். வந்து எடுத்துக்கொள்ள ஆள் வருவார்கள்.